புருஷோத்தமனுக்கு எந்த பிரவுசர்?

ஜமுனாமரத்தூர்
6 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நதியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே வந்துவிட்டது. ஓசூரில் நீ, அண்ணி, அன்பரசி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ அனுப்பிய லேப்டாப்பைப் போளூரிலிருந்து அப்பா மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தார். பழைய மெஷினுக்கு லினக்ஸ்தான் தாங்கும் என்று நீ சொன்னது சரி, வேகமாகத்தான் இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆர்க்காவும் தமிழ் பேசுகிறது. குரல்தான் சளி பிடித்த ஆள் மாதிரி. முதல் நாள் அம்மா, "இன்னாடி, வூட்ல யாரோ ஆம்பள பேசறான்" என்று அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பேச்சைக் கேட்டுத் தமிழில் டைப் அடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றேன் அல்லவா, அந்தக் கம்பெனியின் தளம் பயர்பாக்ஸில் திறக்க மாட்டேன் என்கிறது. "உங்கள் பிரவுசர் ஏற்கப்படவில்லை" என்று ஒரே வரி. நீ போட்டுக் கொடுத்த குரோமியத்தில் திறந்தால் தளம் வருகிறதாம், பஞ்சாயத்து ஆபீஸ் அக்கா பார்த்துச் சொன்னார். ஆனால் ஆர்க்கா வாயே திறக்கவில்லை. ஒன்று பேசுகிறது, உள்ளே விடவில்லை. இன்னொன்று உள்ளே விடுகிறது, பேசவில்லை. நான் எதை வைத்துக்கொண்டு வேலை செய்வது?

பார்வை போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. அடுத்த வாரம் ஆரம்பிக்க வேண்டும். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. போனில் கேட்கலாம்தான். ஆனால் சிக்னலுக்குப் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அங்கே நின்று பேசினால் ஊருக்கே கேட்கும். வீட்டில் அடித்து வைத்து, பஞ்சாயத்து ஆபீஸ் நெட் லைனில் அனுப்புகிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
நதியா

---

ஓசூர்
7 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அன்பரசி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். தினமும் காலையில் என் பைக்கில்தான் போவேன் என்று அடம். உன் அண்ணி கூடுதல் பால் ஊற்றி டீ போட்டுக் கொடுத்து என்னைக் குண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்.

குரோமியம் ஊமை இல்லை. ஆர்க்காவோடு பேசும் வசதியை நாமே திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கான கட்டளையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டு. கண்ணை மூடிக்கொண்டு குரோமியத்துக்கு மாறிவிடு. இந்தக் காலத்தில் எல்லாத் தளமும் அதை மனத்தில் வைத்துத்தான் செய்கிறார்கள்.

எனக்கும் பிரவுசர் தகராறுதான். பயர்பாக்ஸில் ஆரம்பித்தேன், குரோமியம் போனேன், அப்புறம் பெயர் தெரியாத நாலைந்து. எதிலும் மனசு நிற்கவில்லை. எதைத் திறந்தாலும் பட்டன்களைக் கொண்டுபோய் ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடித் தேடி எரிச்சல் வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் பாதிப் பக்கம் காணாமல் போகிறது. ஆபீஸில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுப்பவன் நான், என் பிரவுசரை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். வேலை ஆரம்பித்ததும் எழுது.

அண்ணன்,
வெற்றிவேல்

---

ஜமுனாமரத்தூர்
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு மாறச் சொன்னாய். திறந்தாலும் ஒன்றுதானே எனக்கு. சிரிப்பதற்காக எழுதுகிறேன், வருத்தப்படாதே.

உன் கட்டளை வேலை செய்தது. குரோமியம் பேசிவிட்டது. வேலையும் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் முழுசாக மாறவில்லை. கம்பெனி தளத்துக்குக் குரோமியம், மற்ற எல்லாவற்றுக்கும் பயர்பாக்ஸ். நீளமான பக்கத்தில் குரோமியம் சில நேரம் நான் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு எங்கேயோ போய் வாசிக்கிறது. என் மெஷின் பழசு என்பதாலோ என்னவோ. பயர்பாக்ஸ் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

முதல் வாரம் எனக்கு வந்தது ஒரு விவசாயக் கூட்டத்தின் பேச்சு. யாரோ சாமையைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேசுகிறார். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இந்தாளு ஜென்மத்துல சாமை வெதச்சிருக்க மாட்டான், தப்பா இருந்தாலும் அப்புடியே அடிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் எழுந்து போய்விட்டார்.

அடிக்கடி எழுது அண்ணா. பஞ்சாயத்து ஆபீஸில் லைன் வந்ததும் முதலில் உன் மெயில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

நதியா

---

ஓசூர்
2 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, ஆபீஸில் வேலை அதிகம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் பக்கத்து சீட்டில் புருஷோத்தமன் என்று ஒருவர். என் வயதுதான். அவருக்குப் பார்வை கொஞ்சம் குறுகி வருகிறது. நேராகப் பார்த்தால் தெரிகிறது, ஓரம்தான் தெரியவில்லையாம். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். லினக்ஸ்தான் பழக்கம். பின்னால் எப்படி ஆகுமோ என்று இப்போதே ஆர்க்கா பழகிவைக்க ஆசைப்படுகிறார். பயர்பாக்ஸில் பழகுவதா, குரோமியத்தில் பழகுவதா என்று கேட்கிறார். குரல் எந்த வேகத்தில் வைத்தால் காதில் ஏறும்? ஒரு பக்கத்தில் முப்பது இணைப்பு இருந்தால் வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுது, நான் அவருக்குக் காட்டுகிறேன்.

அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

வெற்றிவேல்

---

ஜமுனாமரத்தூர்
5 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். மழை விடவில்லை, சாமைக் கதிரை எப்படி அறுப்பது என்று அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புருஷோத்தமன் அண்ணன் பயர்பாக்ஸில் ஆரம்பிக்கட்டும். எச் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும். பி தட்டினால் பட்டன், கே தட்டினால் இணைப்பு, இ தட்டினால் எழுதும் கட்டம். முப்பதையும் கேட்க வேண்டாம், தலைப்பில் தாவி அருகே போய் இறங்கினால் போதும். குரல் வேகத்தை முதலில் குறைவாக வைத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏற்றச் சொல். குரோமியம் அப்புறம் வரட்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் இரண்டுமே வராது.

பழகும்போது கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல். கொஞ்சம் தெரிகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே பழகினால் காது வேலை செய்யாது. நான் அப்படித்தான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

நான் இரண்டு கேள்வி கேட்கிறேன், அவரிடம் கேட்டு எழுது. பொழுது சாயும்போது அவருக்கு எப்படி இருக்கிறது? வண்டி ஓட்டுகிறாரா?

நதியா

---

ஓசூர்
11 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு அம்மா கோபித்துக்கொண்டாளா? லீவு கிடைக்கவில்லை. ராத்திரி பஸ்ஸில் வருவதும் இப்போது ஒத்துக்கொள்வதில்லை.

நீ எழுதியதை எல்லாம் புருஷோத்தமன் செய்து பார்த்தார். தலைப்பில் தாவுவது வந்துவிட்டது. ஆனால் டேப் நிறையத் திறந்தால் எந்த டேப்பில் இருக்கிறோம் என்பது குழம்புகிறது. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஆர்க்கா வெறும் நட்சத்திரம் என்கிறது, தப்பாக அடித்தால் எப்படித் தெரியும்? மேனேஜர் பின்னால் வந்து நின்றால் எப்படித் தெரியும்? இதுவும் அவர் கேட்டதுதான். குரோமியத்தில் இதெல்லாம் சுலபமாக இருக்குமோ என்று மாறிப் பார்த்தார், மறுபடி பயர்பாக்ஸுக்கே வந்தார், மறுபடி மாறினார். ஒரே பரபரப்பாக இருக்கிறார். சின்னப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது அவருக்கு.

இவற்றுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

வெற்றிவேல்

---

ஜமுனாமரத்தூர்
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா கோபிக்கவில்லை. நீ இளைத்துப் போயிருப்பாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நலமாக இரு.

டேப் மாறும்போதெல்லாம் ஆர்க்கா அதன் பெயரைச் சொல்லும், அவசரப்படாமல் அதைக் கேட்கச் சொல். பாஸ்வேர்டைப் பிரவுசரிலேயே சேமித்துவிடலாம். மேனேஜர் வந்து நின்றால், ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்தால் செருப்புச் சத்தம் கேட்கும்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. வண்டி ஓட்டுகிறாரா?

அவருக்குச் சொல்வதற்காக ஒன்று எழுதுகிறேன். காலேஜ் சேர்ந்த புதிதில் எனக்கு ஓரம் தெரியாமல் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விழுந்தால் செருப்பு வழுக்கியது என்பேன். மாடு மேல் மோதினால் மாட்டைத் திட்டுவேன். போளூர் பஸ் ஸ்டாண்டில் நீ பக்கவாட்டில் டீ கிளாஸை நீட்டிக்கொண்டே நின்றாய், நான் வாங்கவில்லை. "இன்னா திமிரு உனுக்கு" என்று கத்தினாய். அப்புறம்தான் உனக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கே என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாய். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இது பரம்பரையில் வருவது, கூடப் பிறந்தவர்களும் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் என்றதும் இன்னும் அழுத்திச் சொன்னார். வெளியே வந்து நீ சிரித்தாய். "எனுக்கு கழுகு கண்ணு, போலாம் வா" என்றாய்.

புருஷோத்தமன் அண்ணனைப் பொழுது சாய்ந்தபின் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல். பிரவுசரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நதியா

---

ஜமுனாமரத்தூர்
9 டிசம்பர் 2024

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என் கடைசி மெயிலுக்கு நீ பதில் போடவில்லை. பயர்பாக்ஸில் பார்க்கிறேன், குரோமியத்தில் பார்க்கிறேன், ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கும் என்பது போல. வேலையில் மனசு போகவில்லை. ஒரே பேச்சை இரண்டு தரம் அடித்து அனுப்பிவிட்டேன்.

நேற்று அண்ணி போன் செய்தார். அப்பாவும் நானும் பள்ளிக்கூட மேட்டில் நின்று பேசினோம். நீயும் அன்பரசியும் பைக்கிலிருந்து விழுந்துவிட்டீர்கள், குழந்தைக்கு மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்றார். நாய் குறுக்கே வந்துவிட்டதாம். "நாயிங்க தொல்ல எல்லா ஊர்லயும்தான்" என்று அப்பா ஆறுதல் சொன்னார்.

பிறகு அன்பரசியிடம் கொடுத்தார்கள். நான் போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனேன். குழந்தை சொன்னாள்: "அத்தை, நாயே வர்ல. எளநீ வண்டி நின்னுக்கினு இருந்துச்சு. நான் அப்பா அப்பான்னேன். அப்பா அதும்மேலயே வுட்டாரு."

இனி புருஷோத்தமனுக்கு எழுத மாட்டேன். உனக்கு எழுதுகிறேன்.

அக்டோபரிலேயே எனக்குச் சந்தேகம். குரல் வேகத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யாரும் அடுத்தவருக்காகக் கேட்க மாட்டார்கள். நேராகக் கேட்டால் நீ எழுதுவதையே நிறுத்திவிடுவாய் என்று பயந்துதான் நானும் அவரோடு பேசுவது போலவே பேசினேன். நிறுத்தினாலும் பரவாயில்லை என்று அப்போதே கேட்டிருந்தால் குழந்தை கையில் கட்டு இருக்காது.

அண்ணியிடம் சொல். இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லையென்றால் வண்டிச் சாவியையாவது இன்றைக்குக் கொடு. இல்லையென்றால் நான் மேட்டில் ஏறி அண்ணிக்கு போன் போடுவேன். ஊர் கேட்டால் கேட்கட்டும்.

நதியா

---

ஓசூர்
10 டிசம்பர் 2024

நதியா,

சாவியைக் கொடுத்துவிட்டேன். வண்டி ஹேண்டில் வளைந்திருக்கிறது, இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று ஒரு காரணம் சொன்னேன். இன்னும் மற்றதைச் சொல்லவில்லை.

பாட்டு கிளாஸிலிருந்து அன்பரசியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்படி ஒன்றும் இருட்டவில்லை. சர்வீஸ் ரோட்டில் இளநீர் வண்டி இருந்த இடம் எனக்குக் காலி ரோடாகத்தான் தெரிந்தது. கறுப்பாக இல்லை, மறைப்பாக இல்லை, ரோடாகவே தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா? நாய் என்று நான் சொன்னபோது குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். ஏழு வயதுக் குழந்தை எனக்காக வாயை மூடிக்கொண்டது. அதுதான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. தப்பு பிரவுசரில்தான் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன், உன்னிடம் பொய் சொல்லவில்லை. எழுத்து ஓரத்தில் தொலைந்தால் வேறு பிரவுசர் போட்டேன், அதிலும் தொலைந்தால் இன்னொன்று. திரையை மாற்றினேன். கடைசியில் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டபோதுதான் மாற்ற வேறொன்றும் இல்லை என்று தெரிந்தது.

புருஷோத்தமன் நிஜமான ஆள்தான். பக்கத்து சீட்டுதான். அவருக்குக் கண் நன்றாக இருக்கிறது. பாவம், அவர் பெயரில் இவ்வளவு கேட்டேன்.

மஞ்சுளாவிடம் எப்படிச் சொல்வது? அவள் சந்தவாசல்காரி, சொந்தம் இல்லை, நம் வீட்டில் இப்படி ஒன்று ஓடுகிறது என்று தெரியாமல் வந்தவள். உன் பார்வை ஏதோ காய்ச்சலில் போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்படிச் சொன்னேன்.

வெற்றிவேல்

---

ஜமுனாமரத்தூர்
11 டிசம்பர் 2024

அண்ணா,

ஆமாம், எனக்கும் அப்படித்தான், ரோடாகவே தெரியும். நீ ஒருவன் மட்டும் இல்லை.

அழகாகச் சொல்ல வழி தேடாதே. குழந்தை தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, இளநீர் வண்டியில் ஆரம்பி. காய்ச்சல் பொய்யையும் சேர்த்தே சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். அழுதால் எழுந்து போகாதே.

நான் இங்கே அப்பா அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அதை நீதான் வந்து சொல்ல வேண்டும்.

நதியா

---

ஓசூர்
19 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன்.

மெயில் போடாததற்குத் திட்டாதே. பொங்கலுக்கு வந்தபோதும் எல்லோர் எதிரிலும் உன்னிடம் இதை விவரமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னேன் அல்லவா, அப்போது மஞ்சுளா என்னோடு பேசாமல் இருந்தாள். சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், குழந்தையை நடந்தே பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்: "அன்பரசிக்கும் வருமா?"

தெரியாது என்றேன். அதற்குத்தான் அழுதாள். நீ சொன்னபடி எழுந்து போகவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். அன்பரசியை இருட்டு அறையில் வெகுநேரம் வைத்திருந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மஞ்சுளா சொந்தத்தில் இல்லாததால் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றார் டாக்டர், ஆனாலும் வருஷா வருஷம் காட்ட வேண்டும். எனக்கு இன்னும் சில வருஷம் நடுப்பார்வை நிற்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்ததும் மஞ்சுளா என் கையைப் பிடித்து, "இங்க படி கீது" என்றாள். அந்தக் கேள்விக்கு அப்புறம் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பொங்கலுக்கு நான் அங்கு வந்து சொன்னதும் அப்பா புளியந்தோப்புப் பக்கம் போய்விட்டாரே, அப்புறம் ஏதாவது பேசினாரா? எழுது.

ஆபீஸில் சொல்லிவிட்டேன். மெஷின் தூக்கிக்கொண்டு அலையும் வேலையிலிருந்து சர்வர் பார்க்கும் வேலைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கையில் உத்தரவு வரவில்லை, அதனால் நிம்மதியும் இல்லை. பிரவுசர் பயர்பாக்ஸ்தான். குரோமியத்தை நான் அழித்துவிடவில்லை. நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே.

அண்ணன்,
வெற்றிவேல்

---

ஓசூர்
2 மார்ச் 2025

அன்புள்ள நதியாவுக்கு,

அண்ணி மஞ்சுளா எழுதுவது. நான் உனக்கு மெயில் போடுவது இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் உன் ஆர்க்கா கண்டுபிடித்துவிடும் என்று உன் அண்ணன் பயமுறுத்தினார். மாமா, அத்தை, நீ நலமாக இருக்கிறீர்களா? இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். அன்பரசிக்குக் கட்டு பிரித்தாகிவிட்டது. உன் அண்ணனுக்கு சர்வர் வேலைக்கு உத்தரவும் வந்துவிட்டது.

பைக்கைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டி வாங்கியிருக்கிறோம். நான்தான் ஓட்டுகிறேன். உன் அண்ணன் பின்னால் உட்கார்ந்து, "பிரேக் புடி, பிரேக் புடி" என்று கத்துகிறார். ரோட்டில் ஒன்றுமே இருக்காது. நேற்று வண்டியை நிறுத்தி, "இன்னா தெரிஞ்சுதுன்னு கத்தற?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல, அதான் கத்தறேன்" என்றார். அன்பரசி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அண்ணனும் தங்கையும் மாசக்கணக்கில் எழுதிக்கொண்டீர்கள், பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுசாக ஆறவில்லை.

ஒரு உதவி வேண்டும். ராத்திரி சாப்பிட்டபின் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் பழகுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரு பட்டனைத் தேடித் தவிக்கும்போது, "இதோ மேல இருக்குது, வலது பக்கம்" என்று சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. மேலே, கீழே, வலது, இடது என்பதெல்லாம் தனக்கு உதவாது என்கிறார். வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கவும் என்னால் முடியவில்லை.

அதனால் அவர் ஆபீஸ் போனபிறகு நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். பயர்பாக்ஸைத் திறக்கும் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தக் குரல் கடகடவென்று ஓடுகிறது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பயந்துபோய்க் கட்டை அவிழ்த்துவிட்டேன்.

எதைத் தட்டினால் குரல் நிற்கும்? முதலில் அதைச் சொல்லு. மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் சொல்லாதே, கொஞ்சம் வந்தபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மஞ்சுளா